படிக்க மட்டும்

இது மழைக்காலத்தில் நடந்ததா, வெயிலிலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அலுவலகக் கண்ணாடி ஜன்னலில் நீர் வழிந்ததாக ஒரு நினைவு. அதே நாள் சாயங்காலம் சாவியக்காவின் கணவர் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்ததாகவும் ஒரு நினைவு. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்கலாம். ஒரே ஒரு எண் மட்டும் மாறாமல் நிற்கிறது: அறுநூற்றுப் பன்னிரண்டு.

சாவியக்கா என்பது அலுவலகம் வைத்த பேர், அவளிடம் சாவி எதுவும் கிடையாது. கட்டட வரைபடங்கள் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில், வரைபடங்களைச் சேமித்து வைக்கும் சர்வர் அவள் பொறுப்பு. புதிதாக வருகிறவருக்கு அக்கவுண்ட் திறப்பாள், போகிறவரின் அக்கவுண்டை மூடுவாள், யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்று அனுமதி போடுவாள். திங்கட்கிழமை காலை என்றால் அவள் மேசை முன்னால் நாலு பேர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

"ரெண்டு நாள் லீவுல பாஸ்வேர்டு மறந்துடுச்சுக்கா."

"உங்க பேரு ஞாபகம் இருக்கில்ல? அது போதும், உக்காருங்க."

பதினோரு வருடத்தில் யாரையும் வெளியே நிறுத்தி வைத்ததில்லை என்று அவளுக்குள் ஒரு பெருமை இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மேலாளர் கூப்பிட்டார். அவர் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"ரெண்டு பேரைக் குறைக்கச் சொல்றாங்க. மூணு வருஷத்துல யார் யார் எத்தனை வரைபடம் சேமிச்சிருக்காங்கன்னு சர்வர்லேர்ந்து ஒரு பட்டியல் எடுத்துக் குடுங்க. வெள்ளிக்கிழமை தலைமை ஆபீசுக்கு அனுப்பணும்."

"எண்ணிக்கையை வச்சா சார் ஆளைக் கழிப்பாங்க?"

"எனக்கும் பிடிக்கலதான். வேற அளவுகோல் இருந்தா சொல்லுங்க."

அவள் தன் மேசைக்குத் திரும்பினாள்.

பட்டியல் பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது. கடைசி வரியில் பூனை. ஏழாவது மேசையில் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் எழுந்து போகும் பெண்ணுக்கு அலுவலகம் வைத்த பேர் அது. அவள் பேருக்கு நேராகப் பூஜ்யம். முதல் வரியில் மூத்தவர். அறுநூற்றுப் பன்னிரண்டு. மூத்தவர் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் கடைசியாகச் சேமித்த நேரம், அன்று காலை பத்து நாற்பது.

முதலில் சாவியக்காவுக்குக் கோபம்தான் வந்தது. தன் வீட்டுக்குள் யாரோ இத்தனை நாள் நடமாடியது போல இருந்தது. அந்த அக்கவுண்டை மூடாமல் விட்டது தான்தான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. எந்தக் கணினியிலிருந்து என்று பார்த்தாள். ஏழாவது மேசை.

பூனையை சர்வர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே காற்றாடிகளின் இரைச்சல். பேசுவது வெளியே கேட்காது.

"மூத்தவர் பாஸ்வேர்டு உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"போறப்ப அவரேதான் குடுத்தாருக்கா. வேலை நிக்கக் கூடாதேன்னு."

"உனக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு. அதுல திறந்து பாக்கத்தானே முடியும்? சேமிக்க முடியாதே."

"ஏன் முடியாது?"

பூனை தரையைப் பார்த்தாள். "நீங்கதானேக்கா அப்படி மாத்தினீங்க."

சாவியக்காவுக்கு அப்போதும் பிடிபடவில்லை. கணினியில் பார்த்தாள். பூனையின் பேருக்கு எதிரே 'படிக்க மட்டும்' என்று இருந்தது. மாற்றிய தேதி மூன்று வருடத்துக்கு முந்தியது. மாற்றியவர் பேர் அவளுடையது.

அப்புறம் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. பூனை ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் ஃபோல்டரைக் கை தவறி வேறெங்கோ இழுத்துப் போட்டுவிட, அரை நாள் அலுவலகமே தேடி அலைந்தது. அப்போதிருந்த மேலாளர், 'ஒரு வாரம் அந்தப் பொண்ணு எதையும் தொட வேணாம்' என்றார். சாவியக்கா அனுமதியைக் குறைத்துவிட்டு, திருப்பிப் போட வேண்டிய தேதியை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதித் திரை ஓரத்தில் ஒட்டினாள். அதற்குள் புதுக் கணினி வந்தது. பழைய திரை சீட்டோடு போயிருக்க வேண்டும்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"ஒரு வாரம் கழிச்சு வந்தேன்க்கா. நீங்க யாரையோ சத்தம் போட்டுட்டு இருந்தீங்க. மறுவாரமும் வந்தேன், கூட்டமா இருந்துச்சு. தண்டனைய நீட்டிட்டாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் கேக்கவே கூச்சமாயிடுச்சு." பிறகு நிமிர்ந்து, "என் வேலை போயிடுமாக்கா?" என்றாள்.

காற்றாடிகள் இரைந்துகொண்டிருந்தன. சாவியக்கா திரையிலிருந்த அந்தத் தேதியை மறுபடி பார்த்தாள்.

வீட்டில் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "மூணு வருஷம் வாயத் திறக்காம இருப்பாளாங்க ஒருத்தி?" என்றாள்.

"ஏன் இருக்க மாட்டா? ஒரு தடவை லிஃப்டை சரி பண்ணிட்டு, 'பழுது'ன்னு தொங்கவிட்ட அட்டைய எடுக்காம வந்துட்டேன். நல்லா இருக்கிற லிஃப்டை வச்சுக்கிட்டு எட்டு நாள் ஜனங்க ஆறு மாடி ஏறியிருக்காங்க."

"ஒருத்தர்கூட பட்டனை அமுக்கிப் பாக்கலையா?"

"அட்டை தொங்குதே, யாரு அமுக்குவா? எம்மேல இருந்த நம்பிக்கைதான்."

அவர் சிரித்தார். அவளால் முடியவில்லை. ஒரு தலையணை உறையை நாலு தடவை மடித்து நாலு தடவை பிரித்தாள்.

மறுநாள் சர்வர் முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு ஃபைல்களையும் பூனையின் பேருக்கு மாற்ற ஒரு வரி கட்டளை போதும். பட்டியல் சரியாகிவிடும், தன் மறதியும் மறைந்துவிடும். ஆனால் சர்வர் எதையும் மறப்பதில்லை. பட்டியலுக்கு இரண்டு நாள் முன்னால் மூத்தவர் பேரிலிருந்து பூனை பேருக்கு எல்லாம் கைமாறியது என்று குறித்து வைக்கும். எவராவது எடுத்துப் பார்த்தால், உழைத்தவள் திருடியாகிவிடுவாள். அடுத்தவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தியவரை நீக்கலாம் என்று விதியே இருக்கிறது. கதவை அடைத்தது யார் என்று சொன்னால்தான் அவள் வேறு வழியாக நுழைந்ததற்கு அர்த்தம் உண்டு. அதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

வியாழக்கிழமை பட்டியலோடு நடந்ததையெல்லாம் ஒரு பக்கம் எழுதி மேலாளர் மேசையில் வைத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"ஒரு வாரம்னு சொன்னது யாரு?"

"முன்னாடி இருந்த சார். மறந்தது நான்."

"போனவர் அக்கவுண்டை மூடாம விட்டது?"

"அதுவும் நான்தான் சார்."

"இத அனுப்பினா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அவர் மூத்தவருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் விட்டார். விஷயத்தைக் கேட்டதும் மூத்தவர் வெடித்துச் சிரித்தார்.

"அறுநூத்துப் பன்னெண்டா? வேலையில இருந்தப்பவே நான் அவ்வளவு போட்டதில்லையே சார்! எல்லாம் அந்தப் பொண்ணு போட்டது. என் பேரைக் காப்பாத்திட்டா."

அந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் பட்டியல் போனது. எண்ணிக்கை குறைவாக இருந்த வேறு இரண்டு பேர் வேலை இழந்தார்கள். ஒருவர் ஆறு மாதத்தில் வேறு அலுவலகத்தில் சேர்ந்தார், இன்னொருவரைப் பற்றித் தெரியவில்லை. மூத்தவரின் அக்கவுண்ட் மூடப்பட்டது. அவர் அடுத்த வருடம் மகள் வீட்டோடு போய்விட்டார். மேலாளருக்கு மாற்றல் வந்தது. பூனைக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள், வேலை நிலைத்தது. இப்போதும் ஏழாவது மேசையில்தான் இருக்கிறாள், சொந்தப் பேரில் சேமிக்கிறாள். சர்வர் பொறுப்பை சாவியக்காவிடமிருந்து எடுத்துத் தலைமை அலுவலகத்தில் ஒருவரிடம் கொடுத்தார்கள். அவளை அச்சடித்த வரைபடங்களை அடுக்கி வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தாள். அவளுடைய சொந்த அக்கவுண்டில் கடைசிவரை 'படிக்க மட்டும்' என்றே இருந்தது.