ஜான்சன் தூக்கிய அட்டை

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டின் புல்வெளியில் கூடாரம் போட்டுப் பழைய கார்களின் ஏலம் நடந்துகொண்டிருந்தது. மாலை நாலு மணிக்கு மேடைக்கு முன்னால் வந்து நின்றது கிருபாகரனின் வண்டி. 1964ஆம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இரண்டே கதவு, மேல்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம்.

கிருபாகரனுக்கு ஊரப்பாக்கத்தில் டிங்கரிங், பெயிண்டிங் ஷெட். செய்யூரில் ஒரு சவுக்குத் தோப்பில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டியை வாங்கி வந்து மூன்று வருஷம் வேலை பார்த்தான். அவன் மனைவி ஹெலனின் நகை முழுக்க அதில் போயிருந்தது. நகை மட்டுமில்லை. சீட்டுக்கு அடியிலிருந்த துருவை உப்புத்தாள் வைத்து விரல் எரியத் தேய்த்தவளும் அவள்தான்.

போன மாதம் வண்டியைப் பார்வையிட வந்த ஏலக் கம்பெனி மேனேஜர் விஷால் ஒளிவுமறைவில்லாமல் பேசினான். "பழசா இருக்குன்னு யாரும் காசு கொடுக்க மாட்டாங்க, கிருபா. சின்ன வயசுல எந்த வண்டியப் பார்த்து ஏங்கினாங்களோ, கைல பணம் வந்ததும் அதத்தான் தேடுவாங்க. ஹெரால்டப் பார்த்து ஏங்கினவங்களுக்கெல்லாம் இப்ப எழுபது வயசு. பத்து லட்சம் வந்தா பெருசு. அதுக்கு மேல போகணும்னா அந்த இடத்துல ரெண்டு பேருக்கு ஒரே பிடிவாதம் வரணும்."

கிருபாகரன் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது அவன் விற்பவர்களுக்கான வரிசையில், மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தான். ஹெலன் கடைசி வரிசையில் இருந்தாள். ஏலம் ஆறு லட்சத்தில் தொடங்கியது. முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட அபிஷேக் என்ற சென்னை வியாபாரி அலட்சியமாகத் தன் எண் போட்ட அட்டையைத் தூக்கினார். இன்னொரு பக்கம், கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் ஒவ்வொரு முறையும் அட்டையைத் தூக்கி இறக்கிவிட்டுக் கையிலிருந்த புத்தகத்தில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். விலை ஒன்பதரை வந்தது. பெரியவர் பத்து என்றார். அபிஷேக் தலையை ஆட்டிவிட்டுப் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

ஹெலன் மூச்சை விட்டாள். பத்து. விஷால் சொன்ன அதே பத்து.

"பத்தரை!" என்றார் ஏலம் விடுபவர், கூடாரத்தின் இடது ஓரத்தைக் காட்டி.

ஹெலன் திரும்பினாள். கடன் வாங்கிய கோட்டு ஒன்று தோளில் தொங்க, அட்டையை உயர்த்திப் பிடித்திருந்தவன் அவள் தம்பி ஜான்சன். பொத்தேரியில் காலேஜ் பசங்களுக்குப் பரோட்டாவும் எக் ரைஸும் போடுகிற ஜான்சன்.

விற்பவரோ அவருடைய ஆட்களோ ஏலம் கேட்கக் கூடாது என்ற ஏலக் கம்பெனி படிவத்தில் கிருபாகரன் கையெழுத்துப் போட்டபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள்.

பெரியவர் பதினொன்று என்றார். ஜான்சன் பதினொன்றரை. பன்னிரண்டு. பன்னிரண்டரை. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அபிஷேக் கூட போனைக் கீழே வைத்துவிட்டு யார் அந்த ஆள் என்று எட்டிப் பார்த்தார். பெரியவரின் கை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமாக எழுந்தது. ஆனால் எழுந்தது. பதினான்கு. பதினான்கரை. பதினைந்து.

பதினைந்தைக் கேட்டதும் கிருபாகரன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். உடனே மறுபடியும் துடைத்தான். அது நிறுத்தச் சொல்லும் சைகை என்பது ஹெலனுக்குப் புரிந்துவிட்டது. ஜான்சன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அவன் கண் ஏலம் விடுபவரின் சுத்தியலில் இருந்தது. கை மேலே போனது.

"பதினஞ்சரை!"

ஹெலன் எழுந்து நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாள். யாருடைய காலையோ மிதித்தாள். "மேடம், ஏலம் நடக்குறப்ப நடக்கக் கூடாது, உக்காருங்க" என்று ஒரு பெண் அவள் கையைப் பிடித்தாள்.

"பதினாறு, பெரியவர்கிட்டருந்து!"

ஜான்சனுக்கும் அவளுக்கும் இடையில் நாலு வரிசைதான் இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எல்லாம் முடிந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் அட்டையைத் தூக்கினான்.

"பதினாறரை! சார், பதினேழு?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். வண்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, வேண்டாம் என்று கையை அசைத்தார்.

சுத்தியல் விழுந்தது. கூடாரம் கைதட்டியது.

வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தின் மறைவில் மூன்று பேரும் நின்றார்கள்.

"பதினஞ்சுல நிறுத்துன்னு சொன்னேனா இல்லியா மச்சான்?" என்றான் கிருபாகரன்.

"அந்த ஆளு தூக்கிகினே இருந்தாரு மாமா. இன்னும் ஒண்ணு போவாருன்னு நெனச்சேன்." ஜான்சன் கோட்டைக் கழற்றிச் சுருட்டினான். "ஒரு மணி நேரத்துல கால்வாசி கட்டணுமாம். கட்டலன்னா ஏலத்துல சேரக் கட்டின டெபாசிட் ஒரு லட்சம் போயிடும். என் சீட்டுப் பணம்க்கா அது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?" என்றாள் ஹெலன் புருஷனைப் பார்த்து.

"சொன்னா நீ வுட்ருப்பியா?"

அப்போது விஷால் அவர்களைத் தேடிக்கொண்டு வந்தான். ஜான்சனை அங்கே பார்த்ததும் அவன் நடை ஒரு நொடி தயங்கியது. ஆனால் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவனுக்கும் நல்லது; விலை ஏறினால் கமிஷனும் ஏறும்.

"இந்த சார் பணம் கட்ட முடியலன்னா பிரச்சினை இல்ல" என்றான், கிருபாகரனின் முகத்தைப் பார்க்காமல். "அடுத்து நின்னவருக்கு அவர் கடைசியாக் கேட்ட விலைக்கே கொடுக்கலாம். பதினாறு. கோபாலகிருஷ்ணன்னு பேரு, கல்பாக்கத்துல சயின்டிஸ்டா இருந்து ரிட்டயர் ஆனவர். இப்பவே பேசட்டுமா?"

கிருபாகரனின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "பேசுங்க சார். ஒடனே பேசுங்க."

விஷால் போனதும் அவன் ஜான்சனின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "டெபாசிட்ட நான் தரேன் மச்சான். அதுக்கு மேலயே தரேன். பதினாறு வருது!"

ஹெலன் அவர்களை விட்டு விலகி, வண்டி நின்ற இடத்துக்குப் போனாள். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நகை மீட்கலாம். ஷெட்டுக்குப் புது கம்ப்ரஸர் வாங்கலாம். வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும்.

கோபாலகிருஷ்ணன் அங்கே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். விஷால் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் அவகாசம் கொடுத்துப் போயிருந்தான். பெரியவர் குனிந்து கதவின் அடிப்பாகத்தைத் தடவினார். நகத்தால் சுரண்டினார். டயருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நீங்க வண்டிக்காரங்க வீட்டம்மாவா?"

"ஆமா சார்."

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும். பதினாறரைக்குக் கேட்ட அந்தப் பையன் ஏன் இப்ப வேண்டாங்கறான்? வண்டியில எதைப் பார்த்துட்டான்? சேசிஸ்ல ஒட்டுப் போட்டிருக்கா? பெயிண்டுக்கு அடியில துரு ஓட்டையை மக்கு வச்சு அடைச்சு மறைச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

"எதுவும் இல்லாம ஒருத்தன் ஒரு லட்சத்தை விட்டுட்டுப் போவானா?" அவர் குரல் ஏறியது. "நான் வேணாம்னாலும் இனிமே யாரு வாங்க வந்தாலும் இதைத்தாம்மா கேப்பாங்க."

ஹெலனால் அதைத் தாங்க முடியவில்லை. அந்த அடித்தகட்டைப் புதிதாக வெட்டிப் பற்றவைத்தது கிருபாகரன். ஒரு பொட்டு மக்குகூட வைக்காமல் செய்த வேலை. ராத்திரியில் இருமிக்கொண்டே செய்த வேலை.

"வண்டிமேல ஒரு குத்தமும் இல்ல சார்" என்றாள். "குத்தம் எங்க மேலதான். அது என் தம்பி. வெலய ஏத்தி வுட வந்தான். நிறுத்தத் தெரியாம மாட்டிக்கினான்."

சொல்லி முடித்ததும் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

கோபாலகிருஷ்ணன் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. "போலீஸுக்குப் போகலாம் தெரியுமா? என் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்கச் சொல்லி இப்பத்தான் பேங்குல வேலை பார்க்கற என் பெண்ணுக்குப் போன் பண்ணினேன்."

"தெரியும் சார்."

"எங்கப்பா ஒரு டாக்டர்கிட்ட டிரைவரா இருந்தார். இதே வண்டி. தினமும் துடைப்பேன். ஒரு நாள்கூட உள்ளே உட்கார்ந்ததில்லை. அதனாலதான் கையை இறக்க முடியல. அதை வச்சு விளையாடிட்டீங்க."

ஹெலன் தலை குனிந்து நின்றாள்.

அவர் அக்குளில் இருந்த ஏலப் புத்தகத்தைப் பிரித்தார். ஹெரால்டுக்கான பக்கத்தில் ஒவ்வொரு விலையும், அதைக் கேட்டவரின் அட்டை எண்ணும் பென்சிலில் இருந்தன. விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அந்த வெள்ளைச் சட்டை ஒன்பதரையோட நின்னுட்டார். நான் பத்து சொன்னேன். அதுக்கப்புறம் உங்க தம்பியைத் தவிர வேற யாரும் இல்ல. பத்துக்குத் தர்றதா இருந்தா சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது."

விஷாலையும் கிருபாகரனையும் அழைத்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் விஷால் வேறு மனிதனாகிவிட்டான். ஜான்சனின் டெபாசிட் திரும்பாது, கிருபாகரனின் வண்டி இனி இந்த ஏலத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டான். கிருபாகரன் ஹெலனைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது.

"ஆறு லட்சம், ஹெலனு."

"வண்டியச் சந்தேகப்பட்டாருங்க. உங்க வேலய."

அவன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான்.

நகையில் பாதிதான் திரும்பி வந்தது. ஜான்சனின் ஒரு லட்சத்தைக் கிருபாகரன் முதலில் கொடுத்தான். ஊரப்பாக்கத்து வீட்டில் அவன் அவளோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டான், ஷெட்டுக்குப் போனான், வந்து படுத்தான். ஐந்தாம் நாள், வியாழக்கிழமை, கையைக் கழுவிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"அந்தக் கல்பாக்கத்துக்காரரு போன் பண்ணாரு."

ஹெலன் கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னாவாம்?"

"மேட்டுல ஏறசொல்ல வண்டி திக்குதாம். கார்புரேட்டர் டியூன் பண்ணணும். வேற யாரையும் தொட வுட மாட்டாராம், நான்தான் வரணுமாம்." துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். "ஞாயித்துக்கிழம சர்ச் முடிஞ்சு போறேன். நீயும் வா."