அஸ்லாக் வீட்டு ஈஸ்ட்

குழாயைத் திறந்ததும் முதலில் நுரைதான் வந்தது. யோருன் மரக்கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்துக் காத்திருந்தாள். நுரைக்குப் பின்னால் செம்பழுப்பாக பீர் இறங்கியது. ஆரஞ்சுத் தோலை உரித்ததுபோல ஒரு வாசனை. கிண்ணம் பாதி நிறைந்ததும் குழாயை மூடினாள். அதன் வாயில் தொங்கிய சொட்டைத் துடைத்தாள். பல் மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் ஊசியையும் இடுக்கியையும் கழுவிக் கொதிக்கவைத்து எடுத்துக் கொடுத்த கை. வாயைப் பிளந்தபடி அலறும் ஆசாமிகள் முன்னால்கூட ஒரு கறையை விட்டுவைக்காத கை.

"கொண்டு வர்றியா? இல்ல, நான் போய்ச் சேந்ததும் தபால்ல அனுப்புவியா?"

உள்ளறையிலிருந்து வந்தது அப்பாவின் குரல். அஸ்லாக்குக்கு எண்பத்தெட்டு வயது. காலையில் வந்து பார்த்துவிட்டுப் போன தாதி, வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு வெளிய எங்கயும் போயிடாதீங்க" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவர் உடம்பில் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கடையைச் சாத்திக்கொண்டிருந்தன. நாக்கு மட்டும் திறந்திருந்தது.

அவர்கள் ஊரான வோஸ் பள்ளத்தாக்கில் சாவு விருந்துக்குப் பெயரே சாவு பீர்தான். பாதிரியார் என்ன உருகு உருகினார் என்பதை அடுத்த வாரமே மறந்துவிடுவார்கள். பீர் எப்படி இருந்தது என்பதைப் பேரப்பிள்ளைகள்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். 'அவன் சாவுக்குத் தண்ணி மாதிரி ஒரு பீர் ஊத்தினாங்களே' என்று ஒருமுறை பெயர் கெட்டால், கல்லறைக் கல்லில் எதைப் பொறித்தாலும் அழியாது. அதனால்தான் அஸ்லாக் தன் சாவு பீரை முன்கூட்டியே காய்ச்சச் சொல்லிவிட்டார்.

"பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டு, ஊரே மூஞ்சி சுளிக்கிறதப் பாக்க எனக்கு முடியாது. நான் குடிச்சுப் பாத்துட்டுத்தான் போவேன்."

காய்ச்சுவதற்கு யோருனை விட்டால் ஆள் இல்லை. அம்மா எப்போதோ போய்விட்டாள். ஆண் பிள்ளை பிறக்கவில்லை. அந்தக் குற்றத்துக்கான தண்டனையை யோருன்தான் தவணை முறையில் அனுபவித்துவந்தாள். ஒன்பது வயதில் அவள் பீர் காய்ச்சும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்ததற்கு, அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வெளியில் விட்டார். "பொட்டப்புள்ள மூச்சுப் பட்டா ஈஸ்ட் செத்துப்போவும்." பார்லிச் சாற்றைப் பீராகப் புளிக்கவைக்கும் அந்த உயிரை அங்கே ஒவ்வொரு வீடும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தது. பள்ளியில் முதலாவதாக வந்தபோது 'ம்' என்றார். பெர்கன் நகரத்தில் வேலை கிடைத்தபோது 'ம்ம்' என்றார். புருஷன் விட்டுவிட்டுப் போன செய்திக்குத்தான் முதல் முறையாக முழு வாக்கியம் கிடைத்தது: "அவனும் எவ்வளவு நாள்தான் தாங்குவான்?"

ஆக யோருனுக்கு அவரிடமிருந்து சொத்து எதுவும் வேண்டாம். பீரை வாயில் வைத்துவிட்டு, 'நல்லா இருக்கு' என்று ஒரு தரம் சொன்னால் போதும். ஐம்பத்துமூன்று வயதுப் பெண்மணிக்கு இது வெட்கம் கெட்ட ஆசை என்று அவளுக்கே தெரியும். அதற்காகத்தான் ஒரு மாத விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஆரம்பமே தகராறு. "என் செம்பு அண்டாவுல கை வெக்காத. அது நசுங்குச்சு, நான் எழுந்து வந்துடுவேன்."

"அப்படியாவது எழுந்தா நல்லதுதானேப்பா."

அவர் சிரிக்கவில்லை. எனவே சொந்தமாகச் சாமான் வாங்க யோருன் பெர்கனுக்குப் போனாள். கடையில் தாடி வைத்த பையன் ஒருவன் இருந்தான். தாடியைக் கழற்றிவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம்.

"முதல் தடவையா? அப்ப பெருசா எதுவும் வாங்காதீங்க. இருபது லிட்டர் பிளாஸ்டிக் வாளி, ஒரு குழாய், ஒரு வெப்பமானி. பழகினதுக்கப்புறம் எஃகுக்குப் போகலாம்."

"எண்பது பேர் குடிக்கணும்."

"ஓ, கல்யாணமா?"

"அப்பா சாவு."

"அடடா. எப்ப தவறினாரு?"

"இன்னும் இல்ல."

 பையன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டுச் சாமான்களை எடுத்துவைத்தான். காய்ச்ச ஓர் எஃகு அண்டா, முளைகட்டிய பார்லியை ஊறவைக்கக் குழாய் வைத்த இன்னொன்று, சூடு ஆற்றும் செம்புச் சுருள், நீளமான கரண்டி. கடைசியில் கிருமிநாசினிப் புட்டி ஒன்றை, மனசு கேட்காமல், சும்மாவே கொடுத்தான்.

"எத விட்டாலும் சுத்தத்த விடாதீங்க. பீர்ல முக்காவாசி வேலை கழுவுறதுதான். கண்ணுக்குத் தெரியற அழுக்கு ஒண்ணு விடக் கூடாது."

திரும்பி வரும் வழியெல்லாம் யோருனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கழுவுவதா? உலகத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதானே!

அப்பா பரணிலிருந்து இறக்கச் சொன்ன சாமான்களில் முழங்கை நீளத்துக்கு ஒரு கட்டையும் இருந்தது. உடம்பெல்லாம் துளை குடைந்து, துளைக்குள்ளெல்லாம் சாம்பல் நிறத்தில் காரை பிடித்து, பழைய துணியில் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரில் மற்றவர்கள் ஈஸ்ட்டைக் குளிர்பெட்டியில் புட்டியில் வைத்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். இது கிளறுகிற கட்டையாக இருக்கும் என்று நினைத்தாள். இப்படியொரு அழுக்கை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் பெருமை பேசினார்! பல் துலக்கும் பிரஷை எடுத்து ஒவ்வொரு துளையாகக் குடைந்தாள். கிருமிநாசினியில் ஊறப்போட்டாள். பிறகு கொதிநீரில் பத்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. கட்டை புதிதாக முளைத்த பல் மாதிரி வெளுத்து வந்தது. சமையலறை ஜன்னலில் காய வைத்துவிட்டு அப்பாவிடம் போனாள்.

"எல்லாம் ரெடிப்பா. ஈஸ்ட் எந்தப் புட்டியில இருக்கு?"

"புட்டியா? ஜாமாடி அது? கட்டையிலதான் இருக்கு. அழுக்கு மாதிரி காஞ்சு ஒட்டியிருக்கும் பாரு, அதான். எங்க தாத்தாவோட தாத்தா காலத்து உசுரு. கட்டைய அப்படியே உள்ள முக்கு. தானா எழுந்துக்கும்."

யோருன் சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் நிக்குற? கட்டையக்கூடக் கண்டுபிடிக்க முடியலியா?"

"இருக்குப்பா. கட்டை இருக்கு."

பக்கத்துப் பண்ணை ஷூருடையது. அப்பாவின் வயது, அப்பாவின் ஜென்ம எதிரி. இருவரும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒருவர் வீட்டு பீரை ஒருவர் குடித்துவிட்டு, வீடு திரும்பியதும் திட்டுவார்கள். "ஷூர் வீட்டு ஈஸ்ட்டா? ஆட்டுக்கு மூத்திரக் கடுப்பு வந்தா அந்த ருசிதான் இருக்கும்" என்பது அஸ்லாக்கின் நிரந்தரத் தீர்ப்பு. ஷூர் ஆட்டுக் கொட்டகையில் இருக்கும் நேரம் பார்த்து யோருன் பின்கதவைத் தட்டினாள். அவர் மனைவி போதில்தான் திறந்தாள். கட்டைக்கு நேர்ந்ததை யோருன் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கழுவிட்டியா?" என்றாள் போதில். "வெந்நீர்லயா?"

"மருந்து போட்டு."

"கடவுளே, ஒரு குறை வெக்கல நீ." போதில் சிரிக்க ஆரம்பித்து, வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குளிர்பெட்டியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மேலங்கிக்குள் திணித்துவிட்டாள். "இவருகிட்ட மூச்சு விட்டுடாத. அஸ்லாக் வீட்டு ஈஸ்ட் போச்சுன்னு தெரிஞ்சா சந்தோஷத்துல மாரடைச்சுப் போயிடுவாரு. ஒரே வாரத்துல ரெண்டு சாவுக்கு என்னால ரொட்டி சுட முடியாது."

ஈஸ்ட்டை ஊற்றும்போது அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். எவ்வளவு கத்துகிறோமோ அவ்வளவு பீர் தலைக்கேறும் என்பது அங்கே கணக்கு. கட்டையைப் பற்றித் தெரிந்ததிலிருந்து உள்ளேயே நின்றிருந்த கத்தலை யோருன் மொத்தமாகக் கொட்டகைக்குள் இறக்கினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வீட்டுக்குள்ளிருந்து அப்பாவின் விமரிசனம் வந்தது: "எந்தக் கதவுடி அது? எண்ணெய் போடு!"

அது நடந்து இரண்டு நாள். இப்போது கிண்ணத்தோடு கட்டிலருகே உட்கார்ந்தாள்.

அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. கரண்டியால் ஊட்டினாள். முதல் கரண்டியை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். தொண்டை மேலேறி இறங்கியது.

"இன்னொண்ணு."

கொடுத்தாள். மூன்றாவதும் கொடுத்தாள். அஸ்லாக்கின் முகம் மெல்ல இளகியது. பிறந்ததிலிருந்து அவள் பார்த்தறியாத ஒரு முகம்.

"இதான். இதான்டி. பாத்தியா?" என்றார். "எங்க தாத்தா காலத்து ருசி. கழுத காய்ச்சினாலும் என் ஈஸ்ட் கை விடாது."

"நான்தான்ப்பா காய்ச்சினேன்."

"அதத்தான் சொன்னேன்."

அவள் சிரிக்க முயன்றாள். "நல்லா இருக்கா?"

"ஈஸ்ட் நல்லா இருக்கு."

"பீர்ப்பா. பீர் எப்படி இருக்கு?"

"சொன்னேனே. ஈஸ்ட்ட யாரும் கெடுக்க முடியாது. உன்னாலயே முடியலயே!" மூச்சு வாங்கிக்கொண்டு, சந்தோஷமாகத் தொடர்ந்தார். "அந்த ஷூர் பய செத்தாலும் அவன் வீட்ல இந்த மாதிரி ஒரு சொட்டு வராது."

கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. யோருன் அடுத்த கரண்டியை நிரப்பினாள். அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.

"இது ஷூர் வீட்டு ஈஸ்ட்டுப்பா."

அவர் கண்ணைத் திறந்தார்.

"உங்களோடத நான் கழுவிட்டேன். அழுக்குன்னு நெனச்சு. பத்து நிமிஷம் கொதிக்கவெச்சேன். போதில்கிட்டப் பிச்சை வாங்கிட்டு வந்து ஊத்தினேன். நீங்க இப்பக் குடிச்சது அதான்."

சொல்லச் சொல்ல ஒரு நல்ல ருசி இருந்தது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் ஒப்புக்கொள்ளப்போவதில்லை.

அஸ்லாக் அவளையே பார்த்தார். ஏதோ ஒன்று வரும் என்று அவள் காத்திருந்தாள். கழுதை, தரித்திரம், எதுவானாலும் சரி. அவர் உதட்டை மூடிக்கொண்டார். கரண்டியில் இருந்தது தாடை வழியாக வழிந்து சட்டைக் காலருக்குள் போயிற்று.

"அப்பா."

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவு திருப்ப அவருக்குத் தெம்பு இருந்ததே ஆச்சரியம்.

"அப்பா, சும்மா சொன்னேன். வெளையாட்டுக்கு. உங்களோடதுதான். கட்டைய முக்கினேன், தானா எழுந்துச்சு. அப்பா, தண்ணி வேணுமா?"

தண்ணீர்க் கரண்டிக்கும் உதடு திறக்கவில்லை. அவள் கைக்குட்டையால் காலரைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், ஏற்கெனவே காய்ந்துபோன இடங்களையும் திரும்பத் திரும்பத் துடைத்தாள். மூன்றேகால் மணிக்கு மூச்சு நின்றது. பிணத்தின் வாய் பிளக்காமலிருக்கத் தாடைக்கு அடியில் துணியைச் சுருட்டி வைக்கக் குனிந்த தாதி, "வேணாம், நல்லா மூடித்தான் இருக்கு" என்றாள்.

ஒன்பதாம் நாள் அடக்கம். ஷூரும் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். மண்டபத்தில் எண்பது பேருக்குப் பதில் நூறு பேர் இருந்தார்கள். பாதிரியார் உருகினார். பிறகு பீர் சுற்றில் வந்தது. முதல் மிடறோடு மண்டபம் அடங்கியது, இரண்டாவது மிடறில் கலகலத்தது.

"அஸ்லாக் காய்ச்சினதுலயே இதான் டாப்பு."

"காய்ச்சினது பொண்ணுடா."

"கை யாரோடதா இருந்தா என்ன? ஈஸ்ட் அவனோடது. பேசுது பாரு!"

யோருன் தட்டுகளைச் சேகரித்தபடி நடந்தாள். முதுகில் தட்டினார்கள், அப்பாவைப் பாராட்டினார்கள். கடைசியில் ஒவ்வொருவராகச் சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கி, மேலங்கிப் பையிலிருந்து வெறும் புட்டிகளை எடுத்தார்கள். அஸ்லாக், உயிரோடு இருந்தவரை கட்டையைக் கண்ணில் காட்டாத மனிதர். இப்போதாவது அவர் ஈஸ்ட் கொஞ்சம் கிடைக்குமா? அவள் அண்டாவின் அடியில் இருந்து எடுத்து வைத்திருந்த ஈஸ்ட் வண்டலை ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினாள். மறுக்க ஒரு காரணம் யோசித்தாள். இல்லை என்று சொன்னால் ஏன் என்பார்கள்.

வரிசையில் கடைசியாக ஷூர் நின்றார். அவருக்குப் பின்னால் போதில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒரு கரண்டி போடும்மா," என்றார் ஷூர். "நாப்பது வருஷமாக் கேட்டேன். 'உன் அண்டா இதத் தாங்காது'ன்னுட்டான்."

அவள் ஊற்றினாள். ஷூர் புட்டியை மூக்கருகே வைத்து நெடுநேரம் முகர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"இதான் போதில். இந்த வாசன நம்ம வீட்டுதுக்கு வரவே வராது." பிறகு யோருனிடம் திரும்பினார். "அவன் குடிச்சுப் பாத்தானாம்மா? போறதுக்கு முன்னாடி?"

"பாத்தாரு."

"என்ன சொன்னான்?"

"நல்லா இருக்குன்னாரு."

"அவனா? உங்கிட்டயா?"

"ம்."

ஷூர் அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, மூடியைத் திருகினார். போதில் புட்டியைக் கைப்பையில் வைக்க வாங்கிக்கொண்டாள். வாங்கும்போதும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே பாதை உறைந்து கிடந்தது. ஷூர் நாலு அடி நடந்ததும் நின்றார். மனைவியின் கைப்பையைத் தானே வாங்கி, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார். பிடித்து நடக்கக் கை இல்லாமல், பனிக்கட்டியில் ஒவ்வொரு அடியாக வைத்து, காரை நோக்கிப் போனார்.