அக்காவின் மேலுதட்டைப் பற்றி எழுதுவது

1

இந்தக் கதை நான் அக்காவிடமிருந்து திருடியது. அவளுக்குத் தெரியும். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. யாரையும் ஓடவிட்டுப் பிடிப்பவள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மரணம் அவள் உதட்டின் மேல் வந்து அமர்ந்தபோது..."

(அடித்துவிட்டேன். வந்து அமர்ந்தது பட்டாணி அளவுகூட இல்லாத தடிப்பு. பரு என்று சொல்லி அதை மூன்று வருடம் வளர்த்தாள்.)

2

அந்தத் தடிப்பை மேலோட்டமாகச் சீவி எடுத்துச் சோதித்ததில் பயமில்லை என்று வந்தது. கதை அங்கேயே முடிந்திருக்கும். தோல் மருத்துவர் விடவில்லை.

"அந்த இடம் மரத்துப்போகுதா?"

"விசில் உதட்டுல இருக்கா இல்லையான்னே தெரியல டாக்டர். கீழ விழுந்தாத்தான் தெரியுது."

அவர் சிரிக்கவில்லை. இன்னும் ஆழமாக ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது: வியர்வைச் சுரப்பியில் வரும் புற்றுநோய். மெதுவாக வளரும், நரம்போரமாக உள்ளே இறங்கும், அரிது.

"எவ்வளவு அரிது?"

"என் சர்வீஸ்ல நீங்க ரெண்டாவது ஆள்."

"முதல் ஆள் எப்படி இருக்கார்?"

"போன வாரம் காக்க வச்சுட்டேன்னு என்னோட சண்டை போட்டுட்டுப் போனார்."

(மருத்துவரைச் சிடுமூஞ்சியாக எழுத ஆசைப்பட்டேன். உண்மையில் அவருக்கு ஜலதோஷம், அவ்வளவுதான்.)

3

அறுவை சிகிச்சையில் உதட்டுக்கு மட்டும் மயக்க ஊசி போட்டு, மெல்லிய படலமாக வெட்டி, உடனே நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஓரத்தில் நோய் மிச்சமிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் இன்னொரு படலம். முதல் படலத்தில் மிச்சம். இரண்டாவதிலும்.

காத்திருக்கும் அறையில் வாய்மேல் கட்டோடு உட்கார்ந்திருந்தவள், என் பேனாவைப் பிடுங்கி எழுதினாள்: "பயமா இருக்குடா."

(இந்த இடத்துக்கு வீரமான வசனம் ஒன்று தயாராக வைத்திருந்தேன். அன்று வாயில் வந்தது, "எனக்கும்".)

மூன்றாவதற்குப் பிறகு மருத்துவரே வெளியே வந்தார். "ஓரமெல்லாம் சுத்தம்மா." கன்னத்துத் தோலை நகர்த்தித் தைத்தார்கள்.

4

இப்போது அவள் உதடு இடப்பக்கம் லேசாக இழுத்திருக்கிறது. என் எழுத்தைப் படிக்கும்போது நக்கலாகச் சிரிப்பதுபோல் இருக்கும். பாதி நேரம் நக்கல்தான்.

இரண்டு முடிவுகள் எழுதிக் காட்டினேன். ஒன்றில் பூரண குணம். இன்னொன்றில் பல வருடம் கழித்து அது...

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்குப் போறது நானு. முடிவு எழுத நீ யாருடா?"

முடிவுகள் இருந்த தாளின் அடிப்பாதியைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அந்த இடத்தில் நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அவளிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.