கள்ளன் கேட்ட மன்னிப்பு

விசுவமடுவில் மிளகாய்த்தூள் ஆலை வைத்திருக்கும் கதிர்காமநாதன் ஐயாவின் வீம்பை நினைத்து ஒரு காலத்தில் சிரித்திருக்கிறேன். இப்போது எரிச்சல்தான் வருகிறது. ஆலை அலுவலகத்தில் கணினி, மின்னஞ்சல், ஐயாவின் புறுபுறுப்பு எல்லாம் என் பொறுப்பு.

எங்கள் தூளில் பாதிக்குமேல் வாங்குகிறவர் பாரிஸ் கடைக்காரர் சஜீவன். போன கிழமை அவர் அழைத்தார்.

"தாட்சாயினி, பாங்க் கணக்கு மாறிட்டுதெண்டு உங்கட முகவரியில இருந்து மெயில் வந்திருக்கு. 'அன்புச் சகோதரரே, மன்னிக்கவும்' எண்டு இங்கிலீசில தொடங்குது. நீங்களோ அனுப்பினது?"

நாங்கள் அனுப்பவில்லை. எவனோ ஒரு கள்ளன் எங்கள் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறான். அதைத் தடுக்க எங்கள் டொமைனின், அதாவது இணைய முகவரியின், அமைப்பில் மூன்று வரிகள் போட்டால் போதுமாம். எங்கள் பெயரில் வரும் மின்னஞ்சல் உண்மையில் எங்களுடையதா என்று அது போய்ச்சேரும் பக்கமே சோதித்து, இல்லையென்றால் திருப்பிவிடும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள போடுங்கோ. இல்லாட்டி நான் வேற இடத்தில வாங்குவன்," என்றார் சஜீவன்.

போடலாம். ஆனால் டொமைனின் கடவுச்சொல் கனடாவில் இருக்கும் ஐயாவின் தம்பி கோகுலனிடம் இருந்தது. அந்த டொமைனை வாங்கித் தந்ததே அவர்தான். அந்தத் தம்பியைத் தன் மகளின் கலியாணத்துக்கு ஐயா எப்படி அழைத்தார் தெரியுமா? கார்டைப் படம்பிடித்து வட்சப்பில் தட்டிவிட்டார். வாயால் ஒரு வார்த்தை இல்லை. தம்பி வரவில்லை. அன்றிலிருந்து கதை பேச்சு இல்லை.

"ஒரு கோல் எடுத்தாக் காணும் ஐயா."

"அவன் இளையவன். அவன்தான் எடுக்கவேணும்."

"அப்ப நான் எடுக்கட்டே?"

"எடுத்தால் நாளைக்கு வேலைக்கு வராத."

சஜீவன் போனால் மிளகாய் வறுக்கிற பெண்களில் பாதிப்பேர் வீட்டுக்குப் போகவேண்டும். ஐயாவுக்கு அது கணக்கிலேயே இல்லை. "இரும்புக் கேற், நாலு கமரா. எங்கட மில்லுக்குள்ள எந்தக் கள்ளன் வருவான்?" என்றார். மடைத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஐயாவின் கைபேசி அடித்தது. கோகுலன். ஐயா மீசையைத் தடவி, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, நானும் கேட்கவேண்டுமென்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை, மெயில் கண்டனான்." கோகுலனின் குரல் தழுதழுத்தது. "உங்களுக்கு இவ்வளவு கஷ்டமெண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்ட காசை இப்பதான் அந்தப் புதுக் கணக்குக்குப் போட்டனான். நீங்கள் எழுதினதே எனக்குக் காணும்."

கள்ளன் ஐயாவின் பெயரில் கோகுலனுக்கும் எழுதியிருக்கிறான். ஐயாவுக்கும் விளங்கிவிட்டது, முகம் வெளிறிப்போனது. உள்ளதைச் சொன்னால் அந்த நிமிடமே காசை மறிக்கலாம். அந்தப் பெரிய மனிதர் சொன்னது இதுதான்:

"ஓம் தம்பி. நான்தான் எழுதினனான்."

தம்பியின் காசு போனாலும் பரவாயில்லை, கள்ளனின் பணிவு தன் பணிவாக இருக்கட்டுமாம். எனக்கு அருவருத்துப் போய்விட்டது. வேலை போனால் போகட்டும் என்று கைபேசியைப் பறித்தேன்.

"கோகுலன் அண்ணை, நான் மில்லில வேலை செய்யிற தாட்சாயினி. அது ஐயா எழுதினதில்லை. கள்ளன் எழுதினது. உடன பாங்குக்கு எடுத்து மறியுங்கோ."



"எனக்கு விளங்கியிருக்கவேணும் பிள்ளை," என்றார் கோகுலன். "அதில 'மன்னிக்கவும்' எண்டு கிடந்தது."

காசை மறித்துவிட்டார். மூன்று வரிகளையும் அன்றைக்கே போட்டு, கடவுச்சொல்லை எனக்கு அனுப்பினார். அண்ணனிடம் கைபேசியைக் கொடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. சஜீவனும் அடுத்த ஓடரைத் தந்தார்.

என்னை வேலையால் நிறுத்த ஐயாவுக்குத் துணிவு வரவில்லை. கதிரையில் சாய்ந்துகொண்டு, "பாத்தியே, கடைசியில அவன்தான் எடுத்தவன்," என்றார்.

இனி அவருடைய பெயரில் கள்ளன்கூட மன்னிப்புக் கேட்க முடியாது.