ஒரு நாள் மட்டும் அப்பு

மட்டாஞ்சேரி ஜெட்டி டாக்ஸி ஸ்டாண்டில் பதினோரு வருஷம் அம்பாசிடர் ஓட்டினேன். அங்கே எல்லோருக்கும் நான் காளிமுத்து. எண்பத்து மூன்று ஆகஸ்டில் ஒரு நாள் மட்டும் அப்பு. அந்தப் பெயரை எனக்கு வைத்தவன் வெங்கிட்டு. அவன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் தப்பு பூராவும் அவனுடையது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஜெட்டிக்கு எதிரே ஒரு மேசை, இரண்டு நாற்காலி போட்டு வெங்கிட்டு டூர் ஆபீஸ் நடத்தி வந்தான். 'கொச்சியின் ஹிந்து, பௌத்தப் பெருமைகள் ஒரே நாளில்' என்று போர்டு வைத்திருந்தான். ஹிந்து சரி, பௌத்தத்துக்கு இந்த ஊரில் எங்கே போவது? அவனிடம் பதில் இருந்தது. சமணக் கோயிலைக் காட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறவர் எல்லாம் ஒன்றுதான் என்பான். மீன் பிடிக்கிற சீன வலையைக் காட்டு, சீனாக்காரன் புத்தன்தானே என்பான். வெட்கம் என்பது அவனுக்கு மருந்துக்கும் கிடையாது.

அன்று காலை என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"காளி, கொழும்புப் பார்ட்டி. புருஷனும் பெண்டாட்டியும். சிங்களக்காரங்க. புத்தகயாவுக்குப் போற வழியாம். எர்ணாகுளத்துல அத்தனை டாக்ஸி இருக்க, மட்டாஞ்சேரி ஜெட்டி வண்டிதான் வேணும்னு கேட்டு வந்திருக்காங்க."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"நீ தமிழன்னு தெரிஞ்சா அதுங்க பயந்து ஓடிரும். அதனால இன்னிக்கு நீ அப்பு. மலையாளமும் கொஞ்சம் இங்கிலீஷும் போதும். தமிழ் வாயில வரப்படாது, கேட்டோ. ஒன் தங்கச்சி காரியமும் கேக்கப்படாது."

தங்கச்சி காரியம் இதுதான். சந்தனமாரியைக் கொழும்பில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை செல்லதுரை தெகிவளையில் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, கங்கா. ஜூலைக் கடைசியில் கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் கொளுத்தினார்கள் என்று ரேடியோவில் கேட்டோம். அதற்குப் பிறகு இருபத்தாறு நாளாக ஒரு வரி இல்லை. மூன்று தந்தி கொடுத்தேன், மூன்றுக்கும் பதில் இல்லை. வீட்டில் என் மனைவி சீனியம்மாள் அடுப்பு மூட்டுவதும் அணைப்பதுமாக இருந்தாள். சமைத்ததை யாரும் சாப்பிடவில்லை.

சீனியம்மாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆட்கள் தூரப் பயணம் கிளம்பினால், மஞ்சள் துணி நாடா ஒன்றின் நுனியில் காசு வைத்துக் கட்டுவாள். பிறகு போகிற ஆளுக்கு ஒரு முடிச்சு, அவள் பாணியில் இரட்டைச் சுற்றுச் சுற்றி இறுக்கிப் போடுவாள். ஆள் நல்லபடியாகத் திரும்பினால் தன் முடிச்சைத் தானே அவிழ்க்க வேண்டும். எல்லா முடிச்சும் அவிழ்ந்த பிறகுதான் காசு பகவதி உண்டியலுக்குப் போகும். இரண்டு வருஷம் முன்பு சந்தனமாரி குடும்பத்தோடு வந்து திரும்பியபோது, மூன்று பேருக்கும் மூன்று முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள் சீனியம்மாள். அந்த நாடா இப்போது எந்தச் சாம்பலில் கிடக்கிறதோ என்று நானே நினைத்துக்கொள்வேன்.

அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் நான் கதவைத் திறந்துவிட வேண்டும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், அவர்கள் கொழும்பிலிருந்து வந்தவர்கள். அந்தக் காற்றாவது அவர்கள் மேல் பட்டிருக்கும் என்று ஒரு கிறுக்குத்தனம். ஸ்டாண்டில் மற்றவர்களிடமும் அப்பு என்றே கூப்பிடச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். பியசேன என்று பெயர் சொன்னார். மெலிந்த ஆள், வெள்ளைச் சட்டை. அந்த அம்மா சோமாவதி, வெள்ளைச் சேலை, கையில் ஒரு துணிப்பை. பையை மடியை விட்டு இறக்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். வேர்த்துக்கொண்டிருந்தார்கள். பயப்படட்டும், நல்லா பயப்படட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதலில் அரண்மனை. வெங்கிட்டுவின் கைடு வரவில்லை, நானே உள்ளே கூட்டிப் போனேன். படுக்கையறைச் சுவர் முழுக்க ராமாயணம் வரைந்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கதை சொன்னேன். தசரதன், காடு, சீதை, அனுமார். இலங்கை எரிந்த இடம் வந்ததும் கதையை நிறுத்திவிட்டேன். கட்டிப் போட்ட குரங்கு கொளுத்தியது இருக்கட்டும், நீங்கள் எதற்கய்யா கொளுத்தினீர்கள் என்று கேட்க வாய் துடித்தது. அந்த அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நாடகம் என்று நினைத்தேன்.

அரண்மனை வளாகத்திலேயே பகவதி கோயில். அந்த அம்மா உள்ளே போக வேண்டும் என்று கையால் காட்டினாள். வாசல் காவலர் என்னைத்தான் கேட்டார்.

"ஹிந்துக்களாணோ?"

கொழும்பில் அவர்கள் விசாரித்ததும் இப்படித்தானே என்று எனக்குள் சுருக்கென்றது. நீ யார், எந்த ஜாதி, எந்த பாஷை.

"அல்ல, புத்தன்மாரு" என்றேன். சொல்லும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது, மறைக்கவில்லை.

"எங்கில் புறத்து நின்னு தொழுதோட்டே."

அவள் வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். துணிப்பைக்குள் கைவிட்டு எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் கும்பிட்டாள். எனக்குத் திருப்தி போய் கூசியது. கூசியதற்காக இன்னும் கோபம் வந்தது.

வண்டியில் ஏறியதும் பியசேன கொஞ்சம் முன்னால் குனிந்து இங்கிலீஷில் கேட்டார்.

"டிரைவர், உங்கள் ஸ்டாண்டில் தமிழர் யாராவது ஓட்டுகிறார்களா?"

பயம், வேறென்ன. வெங்கிட்டு சொன்னது சரிதான்.

"இல்லை சார். தமிழர் யாரும் இல்லை. பயப்பட வேண்டாம்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஏதோ சிங்களத்தில் சொன்னாள். நிம்மதியாவார்கள் என்று பார்த்தால் இரண்டு முகமும் விழுந்துவிட்டது. இது என்னடா கூத்து என்று வண்டியைக் கிளப்பினேன்.

சமணக் கோயிலில் புறாக்களுக்குத் தீனி போட்டார்கள். இது புத்தர் கோயில் இல்லையே என்று பியசேன மெதுவாகச் சொன்னார். இல்லைதான் என்றேன். வெங்கிட்டுவுக்காகப் பொய் சொல்ல அன்று எனக்குத் தெம்பில்லை. சீன வலை கட்டிய கரையில் சாயா வாங்கிக் கொடுத்தார்கள், நான் குடிக்கவில்லை. அங்கே மறுபடியும் கேட்டார்.

"முன்பாவது இருந்தார்களா? தமிழ் டிரைவர், ஒரே ஒருவர்?"

"எப்போதும் இல்லை சார்" என்றேன். இந்த மனுஷனுக்கு இத்தனை பயமா என்று எரிச்சலாக இருந்தது.

ஸ்டாண்டுக்குத் திரும்ப பஜார் ரோடு வழிதான். ஒரு பக்கம் மிளகு, இஞ்சி மூட்டைக் கிடங்குகள். நடுவில் ஒரு வண்டி போகத்தான் இடம். பாதி தூரம் வந்ததும் எதிரே ஒரு கைவண்டி குறுக்கே நின்றது. சுக்கு மூட்டை ஏற்றிய வண்டி. பக்கத்தில் பிச்சைமணி. சுமை தூக்குகிறவன், எங்கள் தெருக்காரன், சந்தனமாரியோடு ஒன்றாகத் தெருவில் விளையாடியவன். அவன் பின்னால் ஏழெட்டுப் பேர். ஹார்ன் அடித்தேன். அசையவில்லை. வெங்கிட்டு வாயை அடக்கமாட்டான், ஊர் பூராவும் சொல்லித் தொலைத்திருக்கிறான் என்று புரிந்தது.

பிச்சைமணி ஜன்னல் வழியாகப் பின்சீட்டைப் பார்த்தான். கையில் மூட்டைக் கொக்கி.

நான் மலையாளத்தில், "வண்டி மாற்றடா, இவர் பம்பாய்க்காராணு" என்றேன்.

"பம்பாயா? கொழும்பு இல்ல?" அவன் தமிழில்தான் பேசினான். "கதவத் தொறக்கச் சொல்லு. ரெண்டு வார்த்தை கேக்கணும்."

பின்கதவுப் பிடியில் ஒருத்தன் கை வைத்தான். கண்ணாடியில் பார்த்தேன். பியசேன மனைவியைத் தன் பக்கம் இழுத்து மறைத்துக்கொண்டிருந்தார். அவள் பையை மார்போடு அணைத்திருந்தாள். தெகிவளையில் செல்லதுரையும் இப்படித்தான் சந்தனமாரியை மறைத்திருப்பாரோ என்று தோன்றியதுதான் தாமதம், அப்பு எங்கே போனானோ தெரியாது. கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன்.

"கைய எடுலே" என்றேன். சுத்தத் தமிழில். "என் வண்டியில ஒக்காந்தவங்க மேல ஒரு விரல் பட்டுச்சு, கொக்கியப் பிடுங்கி ஒன் தோள்லயே மாட்டிருவேன். வண்டிய ஒதுக்கு."

"இவங்களுக்காகவா பேசுற?" என்றான் பிச்சைமணி. "சந்தனமாரி என்ன ஆனாளோன்னு ஒரு மாசமா சேதியில்ல. காளிமுத்தண்ணே, ஒனக்கு மனசு எப்படி வந்துச்சு?"

அவன் கேட்டதைத்தான் காலையிலிருந்து நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பின்கதவு உள்ளிருந்து திறந்தது. பியசேன சேலையைப் பிடித்து இழுத்தும் கேளாமல் அந்த அம்மா ரோட்டில் இறங்கினாள். கொக்கியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீங்க காளிமுத்து?" என்றாள். தமிழ்தான், கொஞ்சம் இழுத்து, உடைத்து. "சந்தனமாரியோட அண்ணன்?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நாங்க பக்கத்து வீடு. சந்தனமாரியும் பிள்ளையும் எங்க வீட்டுல, பின் அறையில, ஆறு நாள். பிறகு முகாம். பிறகு கப்பல். யாழ்ப்பாணம் போயிட்டாங்க. ரெண்டு பேரும் சுகம்."

நான் வண்டியில் சாய்ந்துகொண்டேன். பிச்சைமணி கொக்கியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"மட்டாஞ்சேரி ஜெட்டி, டாக்ஸி, காளிமுத்துன்னு சந்தனமாரிதான் சொல்லிவிட்டா" என்றார் பியசேன. அவரும் இறங்கி மனைவி பக்கத்தில் நின்றார். "இங்க வந்தா சுவரெல்லாம் எங்களைத் திட்டிப் போஸ்டர். சிங்களவங்க வந்து தமிழர் பேரைக் கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு பயம். அதான் உங்களையே சுத்திச் சுத்திக் கேட்டோம்."

என்னையே கேட்டிருக்கிறார்கள். இரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள். நான் இல்லவே இல்லை என்று நானே சாதித்திருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

சோமாவதி பையிலிருந்து மஞ்சள் நாடாவை எடுத்தாள். அழுக்கேறி, ஓரம் கருகியிருந்தது. நுனியில் காசு அப்படியே இருந்தது.

"கடுதாசி கொண்டுவர முடியாது, வழியெல்லாம் சோதனை. இது கொண்டுவரலாம். எங்க ஊர்லயும் சாமிக்குக் காசு கட்டுவாங்க, யாரும் கேக்கமாட்டாங்க. இதைக் குடுத்தா அண்ணனும் அண்ணியும் புரிஞ்சுக்குவாங்கன்னு சொன்னா. ஒருவேளை உங்களைப் பாக்க முடியலன்னா, கோயில்லயாவது போட்டுட்டுப் போகலாம்னு காலையில நின்னேன்."

நாடாவை வாங்கி விரலால் தடவினேன். முதல் முடிச்சு இருந்த இடம் சுருக்கமாக, காலியாக இருந்தது. அதை அடுத்த சின்ன முடிச்சும் அவிழ்ந்திருந்தது.

"பிள்ளை விரலைப் பிடிச்சு அவளே அவிழ்க்க வச்சா" என்றாள் சோமாவதி.

அதற்கு அடுத்தது கெட்டியாகத் தட்டுப்பட்டது. நான் நிமிர்ந்து பியசேனவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"கடையைப் பாத்துட்டு வர்றேன்னு, கொளுத்தின அன்னிக்கு மத்தியானம் போனார்" என்றார். "நாங்க பத்து நாள் தேடினோம். ஆஸ்பத்திரி, முகாம், எல்லா இடமும். அந்த முடிச்சு மேல சந்தனமாரி கை வைக்கல. அவர்தான் அவிழ்க்கணும்னு சொல்லிட்டா."

பிச்சைமணி போய்க் கைவண்டியைப் பின்னால் தள்ளினான். மற்றவர்களும் தோள் கொடுத்தார்கள். வழி விட்டது. நான் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. வண்டியை மறுபடி பகவதி கோயிலுக்கு விட்டேன். காலையில் பார்த்த அதே காவலர், நான் உள்ளே வருவேன் என்று ஒதுங்கி நின்றார். முடிச்சு ஒன்று மிச்சம் இருக்கும்போது காசை எப்படிப் போடுவது? செருப்பைக் கழற்றிவிட்டு நான் வெளியிலேயே, அவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

பிறகு வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அன்றுதான் எங்கள் வீட்டில் ஒரு மாசத்துக்குப் பிறகு சோறு செலவானது. பரிமாறும் முன்பே சீனியம்மாளிடம் நாடாவைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் அவிழ்ந்த இரண்டு இடத்தையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சோமாவதியின் கையைப் பிடித்துக்கொண்டே மூன்றாவதைத் தொட்டுப் பார்த்தாள். இரட்டைச் சுற்று, இறுக்கம், எல்லாம் அவள் போட்டது போட்டபடியே இருந்தது.