ஸம்ஹாவின் கைக்கு வெட்டிய கட்டை

கட்டாரில் இருந்து வந்து இறங்கிய நஜீபுக்கு வீட்டைவிடப் பட்டறையைப் பார்க்கத்தான் அவசரம். மூன்று வருடமாக தோஹாவில் இன்னொருவனுடைய மெஷினில் நின்று, இன்னொருவன் சொன்ன அளவுக்கு இரும்பு வெட்டியவன். "ஊருக்குப் போய் எண்ட மெஷின்ல எண்ட கையால வேல செய்யோணும், எனக்கு வேற ஒன்னும் வாணாம்" என்று அறையில் கூட இருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவனைக் கண்டாலே "இந்தா, எண்ட மெஷின் வாறார்" என்று அவர்கள் கேலி பண்ணத் தொடங்கியிருந்தார்கள். வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, விடிந்ததும் விடியாததுமாகப் பட்டறைப் பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பட்டறை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். றக்வான கடைவீதியில் ஹார்ட்வெயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை. அதற்குக் கீழே ஒரு லேத், ஒரு வெல்டிங் பெட்டி, கொழும்பில் பழையதாக வாங்கிய ஒரு மில்லிங் மெஷின். சுற்றியுள்ள தோட்டங்களின் ஃபெக்டரிகளில் எது உடைந்தாலும் இங்கேதான் வரும். நஜீப் போன பிறகு சம்பளத்துக்கு வைத்த பாஸ், அதாவது மேஸ்திரி, சில மாதத்திலேயே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். பட்டறையை மூடிவிடலாம் என்று குடும்பமே பேசிக்கொண்டிருந்தபோது, நஜீபின் மனைவி ஸம்ஹா, மாவனல்லைத் துணிக்கடைக்காரர் மகள், அதுவரை ஸ்பேனரைக் கையால் தொடாதவள், "மூட விடமாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். தோஹாவில் இருந்து நஜீப் போனில் சொல்லிக் கொடுத்தான். இங்கே இவள் செய்தாள். முதலில் அவளிடமிருந்து நாளுக்குப் பத்துத் தடவை போன் வரும். பிறகு வாரத்துக்கு ஒன்று. பிறகு வேலை விஷயமாகப் போனே வரவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அப்போது அவனுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

மில்லிங் மெஷினில் பொருளைக் கவ்விப் பிடிப்பது வைஸ். அதன் வாய்க்கு இரண்டு பக்கமும் கட்டைகள் உண்டு. உருக்குக் கட்டை சதுரமானதைத்தான் ஒழுங்காகப் பிடிக்கும். வட்டமானதையும் வளைந்ததையும் பிடிக்க அலுமினியக் கட்டை போட்டு, பொருளின் உருவத்தையே அதில் குடைந்துகொள்ள வேண்டும். முன்பெல்லாம் கட்டை மாற்றுவதென்றால் போல்ட்டைக் கழற்றி, நேர் பார்த்து, திரும்ப இறுக்கி, அரை நாள் பாழாகும். தோஹாவில் நஜீப் ஒரு நல்ல சாமானைக் கண்டான். வைஸில் அடிக்கட்டை ஒன்று நிரந்தரமாக இருக்கும். அலுமினியக் கட்டையை மேலிருந்து அதற்குள் இறக்கி, சாவியை அரைத் திருப்பு திருப்பினால் டக்கென்று உட்கார்ந்துவிடும். எத்தனை தரம் கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் உட்காரும். ஓவர்டைம் காசில் ஒரு செட் வாங்கி கார்கோவில் அனுப்பிவைத்தான், தான் வந்து பாவிக்கலாம் என்று. ஸம்ஹா பெட்டியைப் பிரித்த அன்றே மாட்டிவிட்டாள்.

இப்போது சுவரோரத் தட்டில் வரிசையாக அவள் குடைந்த கட்டைகள். ஒவ்வொரு ஜோடியிலும் எந்தத் தோட்டம், என்ன சாமான் என்று சிவப்பு நகப்பூச்சால் எழுதியிருந்தாள். நஜீப் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். வேலை சுத்தம். குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று தான் தேடுவது அவனுக்கே தெரிந்தது. சட்டென்று வைத்துவிட்டான்.

எட்டு மணிக்குப் பழனியாண்டி வந்தார். மேல் டிவிஷன் ஃபெக்டரியில் பிட்டர். சாக்குப் பையில் நாலு வார்ப்புகள். தேயிலை உருட்டும் ரோலரில் பேரிங் உட்காருகிற கூடுகள். இரண்டு பக்கமும் காது, நடுவில் மெல்லிய வளையம்.

"அக்கா இல்லீங்களா?" என்றார், நஜீபைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தபடி.

"நான் வந்துட்டேன்தானே. தாங்க இங்க."

"அட, பாஸ்! எப்ப வந்தீங்க? மெலிஞ்சு போயிட்டீங்களே. சரிங்க, பாஸ், ரோலர் நிக்குது. கொழுந்து மலையா குமிஞ்சு கெடக்கு. மூணு வேணும், ஒண்ணு எதுக்கும் இருக்கட்டும்னு நாலா கொண்டாந்தேன். உள்வட்டம் மட்டும் சுத்தமா இருக்கணுமுங்க." கொஞ்சம் தயங்கினார். "அக்காகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடுங்க. அவங்களுக்கு இந்தச் சாமான் நல்லாப் பழக்கம்."

நஜீபுக்குச் சுருக்கென்றது. அந்தத் தோட்டத்துக் கட்டையை எடுத்து வைஸில் இறக்கினான். வார்ப்பை வைத்து, கைப்பிடியைப் பிடித்து, தோஹாவில் பழகிய கையால் நன்றாக இறுக்கினான். வெட்டினான். உள்வட்டத்தில் அளவு கேஜ் வைத்துப் பார்த்தான். அச்சாக வட்டம். "பாத்தீங்களா?" என்று பழனியாண்டியிடம் காட்டினான். வைஸைத் தளர்த்தி வெளியே எடுத்து, எதற்கும் இன்னொரு தரம் பார்த்தால், முட்டை வடிவம். பிடித்திருந்தபோது வட்டம், விட்டதும் கோணல்.

பழனியாண்டி இருமினார். அந்த நேரம் பார்த்துத்தானா ஸம்ஹா தேத்தண்ணியோடு வர வேண்டும்! அவள் கேஜைப் பார்த்தாள், கைப்பிடியைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"லேசாப் புடிங்க. அது எண்ட கைக்கு வெட்டின கட்டை. நான் எவ்வளவு இறுக்கி வெச்சுக் குடைஞ்சேனோ அவ்வளவுதான் இறுக்கோணும். கூட இறுக்கினா வளையம் நசுங்கும்."

"கட்டைக்கு ஆள் தெரியுமா? விசர்க் கத கதைக்காத."

உண்மையில் அவனுக்கு இது தெரியாத விஷயமில்லை. தோஹாவில் எல்லா வைஸுக்கும் ஒரே சாவி. குறித்த இறுக்கம் வந்ததும் க்ளிக் என்று சத்தம் போட்டு நின்றுவிடும். யார் பிடித்தாலும் ஒன்றுதான். இங்கே அப்படியொரு சாவி கிடையாது. இங்கே சாவி ஸம்ஹாவின் கை.

அவள் வாக்குவாதத்துக்கு நிற்கவில்லை. தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு, இரண்டாவது வார்ப்பை மாட்டி, கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்தாள். வெட்டி, எடுத்து, கேஜ் வைத்து, பழனியாண்டியிடம் நீட்டினாள். "அடுப்புல சோறு" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தாலாவது அவனுக்குக் கோபித்துக்கொள்ள வழி இருந்திருக்கும். "அக்கா கை அக்கா கைதாங்க" என்று பழனியாண்டி அந்த ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டார். மிச்சம் இரண்டுக்கும் பின்னேரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் நஜீப் வைஸில் இருந்த அந்தக் கட்டையையே தன் இறுக்கத்தில் இறுக்கி, அவள் குடைந்த வட்டத்தின் மேலேயே திரும்பக் குடைந்தான். தட்டில் வெட்டாத புதுக் கட்டைகள் இருந்தன. அதில் ஒரு ஜோடியை எடுத்திருக்கலாம். எடுக்கத் தோன்றவில்லை. அலுமினியம் சுருள் சுருளாக விழுந்தது.

மூன்றாவது கூடு பழுதில்லாமல் வந்தது. வைஸுக்குள் இருந்தபோதும் வட்டம், வெளியே எடுத்த பிறகும் வட்டம். அவனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மூன்று வருடம் கனவில் கண்ட சந்தோஷம். நாலாவதைப் பிறகு பார்க்கலாம் என்று, மெஷினை நிறுத்திவிட்டு, கைகாலைக் கழுவிக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனான். கட்டையைத் திரும்ப வெட்டியதை ஸம்ஹாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். வந்து சொல்லலாம் என்று விட்டுவிட்டான்.

அவன் பள்ளியில் இருக்கும்போது ஸம்ஹா சோறு ஆக்கி முடித்துப் பட்டறைக்கு வந்தாள். மூன்றாவது முடிந்திருந்தது, ஒன்று மிச்சம். அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும், நாம் இதை முடித்துவைப்போம் என்று நினைத்தாள். கட்டையை உற்றுப் பார்க்கவில்லை. தான் வெட்டிய கட்டையை யார் உற்றுப் பார்ப்பார்கள்? வார்ப்பை வைத்து, எப்போதும் போல ஒரு இழுப்பு. கட்டை இப்போது அவனுடைய இறுக்கத்துக்கு வெட்டிய கட்டை; அவளுடைய இழுப்புக்கு அது வளையத்தை முழுதாகத் தொடவே இல்லை. கட்டர் பட்டதும் கூடு பிடுங்கிக்கொண்டு பறந்தது. கூட்டின் காது உடைந்து ஒரு துண்டு அவள் புருவத்தில் அடித்தது.

பள்ளியில் இருந்து வந்துகொண்டிருந்த நஜீபை ஹார்ட்வெயர் கடைக்காரர்தான் பாதி வழியில் மறித்தார். ஓடி வந்து பார்த்தால், ஸம்ஹா நிலத்தில் உட்கார்ந்திருக்கிறாள், முகத்தில் பாதி இரத்தம். பக்கத்து வீட்டில் இருந்து வந்த அவனுடைய மூத்த சகோதரி, சித்தி மரியம் என்ற பெயருடைய ராத்தா, துணியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "த்ரீவீல் கூப்புடுங்க! த்ரீவீல்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். நஜீப் மெஷினை நிறுத்தப் போனான். நிறுத்தினான். பிறகு அவனுடைய கை சாவிக்குப் போனது. அரைத் திருப்பு. கட்டை இரண்டும் கையோடு வந்தன. எண்ணெய்த் துணியில் சுற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, வேறொரு ஜோடியை இறக்கிவிட்டான். யோசித்துச் செய்தான் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தான் என்றும் சொல்ல முடியாது. நொடியில் மாற்றக்கூடிய சாமானைத்தானே வாங்கி அனுப்பியிருந்தான்.

அல்லாஹ் காப்பாற்றினான், கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் புருவத்துக்குத் தையல் போட்டார்கள். நஜீப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஊசி ஏறும்போது ஸம்ஹா வாயைத் திறக்கவில்லை. தன்னுடைய வலது கையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தாள்.

பின்னேரம் வீட்டு விறாந்தையில் அவளைக் கதிரையில் உட்கார வைத்திருந்தார்கள். பழனியாண்டி விஷயத்தைக் கேள்விப்பட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். சித்தி மரியம் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே தொடங்கினாள்: "நான் அப்பவே சொன்னேன்தானே, இது பொம்பளைங்க நிக்கிற எடமில்லன்டு. சரி, நடந்தது நடந்துட்டு. இனி தம்பி வந்துட்டான். அவன்ட வேலய அவன் பாத்துக்குவான்."

"ஓ மைனி," என்றாள் ஸம்ஹா. சத்தமே இல்லை. "எண்ட கை பிழைச்சுட்டு. இத்தன நாளும் இப்புடி ஒன்னு நடந்ததில்ல. எப்புடிப் பிழைச்சதுன்டு எனக்கே வெளங்குதில்ல. எண்ட கைய நம்பி இனி நான் மெஷினத் தொட மாட்டேன்."

நஜீப் தூணில் சாய்ந்து நின்றான். மெஷின் அவனுக்கு வந்துவிட்டது. யாரும் கேட்கப் போவதில்லை, யாரும் தேடப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அவள் திரும்பவும் அந்தக் கையை விரித்துப் பார்த்தாள். அதில் என்ன குறை என்று தேடுகிறாள் என்பது அவனுக்கு விளங்கியது.

நேரே பட்டறைக்குப் போனான். எண்ணெய்த் துணியோடு திரும்பி வந்து, அவளுடைய மடியில் வைத்துப் பிரித்தான்.

ஸம்ஹா பெருவிரலால் குடைவைத் தடவினாள். ஒரு தரம் தடவியதுதான்.

"இது திருப்பி வெட்டி ஈக்கி."

"நான்தான்."

"எப்ப?"

"ஜும்ஆவுக்கு முந்தி."

"எனத்தச் சொல்றீங்க ரெண்டு பேரும்?" என்றாள் சித்தி மரியம். பழனியாண்டிக்கு விளங்கிவிட்டது, அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ புடிச்சா சரியா வருது, நான் புடிச்சா கோணலாப் போகுது," என்றான் நஜீப். "வாறவனெல்லாம் ஒன்னத்தான் கேக்குறான். எனக்குத் தாங்கேலாமப் போச்சு. பொறாம, ஸம்ஹா. வேற ஒன்னுமில்ல. வெட்டினன், ஒனக்குச் சொல்லல்ல. பொறகு ஒளிச்சும் வெச்சேன். ஒண்ட கை பிழைக்கல்ல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் வலது கையை இடது கையால் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஊசி ஏறும்போது வாயைத் திறக்காதவள், ஓவென்று அழத் தொடங்கினாள்.

"அப்ப எண்ட கை சரிதானா?"

"சரிதான்."

"மைனிக்குக் கேக்கச் சொல்லுங்க."

"ஸம்ஹாட கை சரிதான், ராத்தா. பிழை என்னுது."

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகுதான் கோபம் வந்தது; வந்தபோது அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஊசி குத்தக்குள்ளயும் நான் எண்ட கையத்தான் ஏசிக்கிட்டு ஈந்தேன். நீங்க பக்கத்துலதானே ஈந்தீங்க? பாத்துக்கிட்டுத்தானே ஈந்தீங்க?"



ஸம்ஹா முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். "அண்ணே, காலையில கொண்டு போனதோட இன்னைக்கு ரெண்டுதான் ஈக்கி, மத்ததையும் கொண்டு போங்க. இன்னும் ஒரு வார்ப்பு எடுத்துக்கிட்டு வாங்க. நான் புதுக் கட்டை வெட்டி வெக்கிறேன்."

"சரிங்க அக்கா," என்றார் பழனியாண்டி.

நஜீப் உள்ளே போய் மூன்றாவது கூட்டை எடுத்து வந்து கொடுத்தான். அதை யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.