பேச்சு வரும் வேகம்

காலை ஆறு மணிக்குத் தொம்மலூர்ப் பூங்காவில் பாலகுமார் ஐந்தாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தான். மூன்றாவது சுற்றிலேயே உடம்பு போதும் என்று சொல்லிவிட்டது. ஆனால் உடம்புக்குக் கைதட்டத் தெரியாது, கைக்கடிகாரத்துக்குத் தெரியும். இதயத் துடிப்பு சிவப்புக் கோட்டைத் தாண்டினால் அது மணிக்கட்டில் அதிர்ந்து பட்டாசுப் படம் காட்டும்.

குடியாத்தத்திலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஆபீஸில் உடற்பயிற்சிப் போட்டி வைத்திருந்தார்கள். சிவப்பில் அதிக நிமிடம் தாக்குப்பிடிப்பவர் பட்டியலில் முதல். அவருக்கு எச்.ஆர். மமதா வாட்ஸ்அப் குழுவில் ஒரு நெருப்புப் படம் போடுவாள். மமதாவை அவன் நேரில் பார்த்ததில்லை. என்றாலும் இந்த ஊரில் அவனுக்கென்று வந்த ஒரே செய்தி அந்த நெருப்புதான். முழங்கால் வீங்கிய நாளில்கூட அதற்காக ஓடினான்.

விடுதி அறையில் இன்னொரு கட்டிலில் சீனு இருந்தான், எப்போதும் ஹெட்ஃபோனோடு. எட்டு மாதத்தில் இருவரும் பேசியது ஒரே விஷயம்.

"கீஸர் ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

ஆறாவது சுற்றில் கண் இருட்டி, சிமென்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் பாலகுமார் விழுந்தான்.

கடிகாரம் கடமை தவறாதது. அவன் விழுந்ததைக் கண்டுபிடித்து, அவசரத்துக்கென்று அவன் பதிந்து வைத்திருந்த எண்ணைத் தன் சிம்மிலிருந்து உடனே அழைத்தது. கடிகாரம் அந்த எண்ணைக் கேட்ட அன்று, அம்மா எண்ணைப் போட்டால் பயந்துவிடுவாள் என்று யோசித்து, வேறு ஒருவரும் நினைவுக்கு வராமல், அவன் தன் எண்ணையே போட்டிருந்தான். மயங்கிக் கிடந்தவனின் பாக்கெட்டில் ஃபோன் அடித்தது.

எடுத்தவள் பிரிஸில்லா. இதே ஊரில் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்த நர்ஸ், ட்யூட்டிக்குப் பூங்கா வழியே குறுக்கே போய்க்கொண்டிருந்தாள். பாலகுமார் கீழே விழுந்திருக்கலாம் என்று பதிவுக் குரல் ஒன்று மரியாதையாக அறிவித்தது.

"இருக்கலாம் என்னா, என் முன்னாடியே கெடக்கறாரு" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவள் ஃபோனை வைத்தாள்.

காலைத் தூக்கிப் பிடித்து, நாடி பார்த்து, அவன் எழுந்த பிறகு தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் குடித்ததும் அவன் சிவப்பில் இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி இருப்பதாகச் சொன்னான்.

"ஓடறப்ப யார்கூடயாச்சும் பேச முடியுதா சார்?"

"பேச யாரும் இல்ல சிஸ்டர்."

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"சும்னே வேகமா ஓடினா ஆகாது சார். பேச்சு வரணும், பாட்டு வரக் கூடாது. அதான் உங்களுக்குச் சரியான வேகம். பேச்சே வரலன்னா அது எக்ஸர்சைஸ் இல்ல, உடம்பு மேல கோவம்."

ஆட்டோ பிடித்து அவனை டாக்டரிடம் அனுப்பினாள். அவர் சோதித்துவிட்டு இதயத்தில் கோளாறு இல்லை, அளவு மீறியதுதான் கோளாறு என்றார். ஒரு வாரம் ஓய்வு, பிறகு நடை மட்டும்.

எட்டாம் நாள் பாலகுமார் நடந்தான். பேச்சு வருகிறதா என்று சோதிக்க வேண்டுமே. பூப் பறிக்காதீர்கள் என்ற கன்னடப் பலகையை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான். பேச்சு வந்தது. ஒரு நாய் நின்று கேட்டது, பிறகு அதுவும் போய்விட்டது.

நேராக அறைக்குத் திரும்பி, சீனுவின் கட்டில் முன் நின்றான். சீனு ஹெட்ஃபோனைக் கழற்றி, கீஸரை அணைத்துவிட்டதாகச் சொன்னான்.

"அது இல்ல. வாக்கிங் வர்றீங்களா?"

"எவ்ளோ ஸ்பீடு?"

"பேசற ஸ்பீடு."

நான்கு சுற்று நடந்தார்கள். முதல் சுற்று முழுக்கப் பாலகுமாரின் குறட்டையைப் பற்றியது, எட்டு மாத நிலுவை. மூன்றாவது சுற்றில் 'நீங்க' தானாக 'நீ' ஆகிவிட்டது. கடிகாரம் பட்டாசு காட்டவில்லை, இன்றைய முயற்சி போதாது என்று வருத்தம் தெரிவித்தது. பட்டியலில் முப்பத்தோராம் இடம். நெருப்பும் வரவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து, அவசர எண்ணை மாற்ற வேண்டும், உன் நம்பரைச் சொல் என்று பாலகுமார் கேட்டான். சீனு சொன்னான். பிறகு தயங்கித் தன் ஃபோனை எடுத்தான்.

"உன்னுதையும் சொல்லு. என்னுதுலயும் என் நம்பர்தான் இருக்கு."

பாலகுமார் சொல்லி முடித்து, கடிகாரத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டான்.

"மூச்சு வாங்கற அளவுக்கு நடக்கலாம் சீனு, பேச்சு நிக்கற அளவுக்கு ஓடக் கூடாது. நம்ம ரெண்டு பேரும் எட்டு மாசமா ஒக்காந்த எடத்துலயே பேச்சை நிறுத்திட்டோம்."